படலைக்கு வெளியே ஒரு பேணித் தண்ணீர்

பின்னேரம் மூன்று நாற்பதுக்குத் தம்பியின் கண்கள் மேலே செருகின. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணத்தில் நான் சுவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு மறைக்கல்வி வகுப்பு. அதற்குப் போகாமல் தப்ப ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது.

"அக்கா, இவன் என்னப் பாக்கிறான் இல்ல," என்றார் சின்னம்மா.

அவருடைய மடியில்தான் கிடந்தான். ஏழு மாதப் பிள்ளை. விடியற்காலையில் தொடங்கிய காய்ச்சல். இப்போது முதுகு வில்லாக வளைந்து, கைகள் இரண்டும் இறுகிப் பொத்திக்கொண்டு, வாயோரம் நுரை கட்டியிருந்தது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. அவன் அழவில்லை. தொண்டைக்குள்ளிருந்து, மூடிய கதவை உள்ளே இருந்து யாரோ மெதுவாகத் தட்டுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தார். "தோணி எங்க?" என்று கேட்டார். தோணி எங்கே என்பது அவருக்கே நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் வயல் வட்டையும் கிடக்க, நடுவில் நீண்ட ஒரு மணல் துண்டு. மாரியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த முறை மழை விட்டு மூன்று நாளாகியும் ஊருக்கு வெளியே போகும் ஒரே தெருவான தாம்போதியின் மேல் தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாவிக்கு அக்கரையில். எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே தோணி அப்பாவுடையது. அதை அவர் காலையில் பட்டணத்துக்குக் கொண்டு போயிருந்தார். சண்டை நடந்த அந்த வருடங்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வாவியில் யாரும் தோணி இறக்க முடியாது. ஆறுக்கு முன்னர் அப்பா வர வேண்டும். வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர வேண்டும். இல்லாவிட்டால் விடியும் வரை அவன் தாங்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்ட எவருக்கும் அவன் விடியும் வரை தாங்குவான் என்று தோன்றியிருக்காது.

அப்பா பட்டணத்துக்குப் போனது தம்பியின் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கத்தான். கத்தோலிக்க வீட்டில் ஏழு மாதமாகியும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருப்பது ஊரில் பெரிய கதை. அம்மாவிடம் எப்போதும் ஒரு காரணம் இருந்தது. ஞானத்தகப்பனாக வரவேண்டியவர் கல்குடாவில் காலில் புண்ணோடு கிடக்கிறார். வெள்ளைச் சட்டை இன்னும் தைத்து முடியவில்லை. மழை. பிறகு மறுபடியும் மழை. உண்மையில் அம்மாவுக்கு அந்தத் தண்ணீரைக் கண்டால் பயம். அந்தப் பயம் மாமியால் வந்தது.

மாமி என்றால் அப்பாவின் மூத்த அக்கா. கலியாணம் முடிக்காதவர். கோயிலுக்குப் பின்னால் ஒரு மண் வீட்டில் தனியாக இருந்தார். எங்கள் ஊருக்குக் குருவானவர், நாங்கள் சுவாமி என்போம், மாதம் ஒரு முறைதான் தோணியில் வருவார். இடையில் ஒரு பிள்ளை பிறந்து சாகக் கிடந்தால் என்ன செய்வது? அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபையின் சட்டம். என்றோ ஒரு காலத்தில் ஒரு சுவாமி, கை நடுங்காத ஆள் என்று பார்த்து, அந்த வேலையை மாமியிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் மாமிக்கு ஆள் போகும். மாமி கோயில் கிணற்றில் அள்ளிய தண்ணீரோடு வருவார். பழைய பால்மாத் தகரப் பேணி, சிவப்பு நிறம், கம்பியில் ஒரு பிடி. மூன்று தரம் ஊற்றுவார். சொல்ல வேண்டியதைச் சொல்வார். போய்விடுவார். பிள்ளையும் போய்விடும்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சாகப் போகிற பிள்ளைக்குத்தானே அவரைக் கூப்பிட்டார்கள். ஆனால் எங்கள் ஊர் அதை மற்றப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டது. அவர் ஊற்றுவதால்தான் பிள்ளை சாகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கூப்பிட முன்னரே வந்து நிற்பார் என்றார்கள். அவரைக் கண்டால் நாய் குரைக்காது என்றார்கள். அவர் தெருவால் வந்தால் பெண்கள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கோயிலில் அவர் இருக்கும் வாங்குப் பலகையில் இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடக்கும். திருநாள் முடிந்து எல்லாரும் ஒரு வீட்டில் கூடித் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர் கோயில் கிணற்றடிக்குப் போய்த் தன் பேணியாலேயே அள்ளிக் குடிப்பார். அவர் வாய் வைத்த கோப்பையில் பிறகு யார் குடிப்பது?

ஆனாலும் அவர் எல்லாருக்கும் தேவைப்பட்டார். தண்ணீர் விழாமல் செத்த பிள்ளைகளை ஊரார் சவக்காலை மதிலுக்கு வெளியேதான் புதைத்தார்கள். கண்டல் மரங்களுக்குக் கீழே, ஈர மண்ணில், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மட்டிச் சிப்பி. சுவாமிமார் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தான் பார்த்தார்கள், ஊர் கேட்கவில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். மூச்சு விட்டால் அவை நம் மூச்சைக் கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கதை.

எனக்கும் தம்பிக்கும் இடையில் ஒரு தங்கை பிறந்து நான்கு நாள் இருந்தாள். மாமி வந்து தண்ணீர் ஊற்றினார். ஊற்றி ஒரு மணித்தியாலத்தில் அவள் போனாள். அதனால் அவள் மதிலுக்கு உள்ளே கிடக்கிறாள். ஒவ்வொரு மரித்தோர் திருநாளுக்கும் அம்மா உள்ளே போய் அவளுக்கு மெழுகுதிரி கொளுத்துவார். கொளுத்திவிட்டு, வாசலில் நிற்கும் மாமியைப் பாராமல் வீட்டுக்கு வருவார். தம்பி பிறந்த அன்று அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "உங்கட அக்கா இந்தப் படலைக்குள்ள கால் வெச்சா நான் புள்ளையோட வாவிக்குள்ள இறங்கிருவன்." அப்பா அதை அப்படியே போய் மாமியிடம் சொன்னாரா, பூசி மெழுகிச் சொன்னாரா தெரியாது. மாமி வரவில்லை.

இப்போது அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"நீ போய்ப் படலையில நில்லு. அவ வந்தா புள்ள நித்திரை எண்டு சொல்லு. உள்ள விடப்படா. விளங்கினதா?"

"ஓம்மா."

அம்மா வெள்ளைச் சேலையொன்றை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார், தோணி கண்ணில் பட்டால் வீசிக் காட்ட.

நான் போய் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்பது வயது. காற்று செத்துப் போயிருந்தது. வாவி மூடி போட்ட பானை போலக் கிடந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வேலிக் கட்டைகளின் மேல் கட்டைக்கு ஒன்றாகக் கொக்குகள் நின்றன. எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றியது. மிதக்கும் ஆற்றுவாழைத் திட்டு ஒன்று, காற்றே இல்லாமல், கரையோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அந்தத் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அப்போதுதான் வேலிக்கு வெளியே, பூவரசின் கீழே, மண்ணைப் பார்த்தேன். ஈர மணலில் வளையங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, சில பழசாகி விளிம்பு கரைந்தவை, சில புதியவை. எல்லாம் ஒரே அளவு. எதையோ அந்த இடத்தில் வைத்து, எடுத்து, மறுநாளும் வைத்து எடுத்திருந்தார்கள். பக்கத்தில் புல் படிந்து போயிருந்தது. குனிந்து பார்த்தபோது அந்த வளையங்களில் ஒன்றின் மேல் சிவப்புப் பேணி இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு கால்கள்.

மாமி வந்ததை நான் காணவில்லை. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

"புள்ளைக்கு என்ன மகள்?"

"நித்திரை," என்றேன்.

உள்ளேயிருந்து சின்னம்மா "மாதாவே, மாதாவே" என்று கத்தினார்.

"நல்ல நித்திரைதான்," என்றார் மாமி.

"நீங்க உள்ள வரப்படாதாம். அம்மா சொன்ன."

"நான் எங்க வாறன்? நான் தெருவிலதானே நிக்கிறன்." பிறகு வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். முகம் மாறியது. "எவ்வளவு நேரமா இழுக்குது?"

"நீங்க ஊத்தினா அவன் செத்துருவான்," என்றேன்.

ஊர் முழுக்க முதுகுக்குப் பின்னால் சொன்னதை நான் அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து பேணிக்குள் பார்த்தார், அதற்குள் என்ன இருக்கிறது என்று தானும் ஒரு தரம் நிச்சயப்படுத்திக்கொள்வது போல.

"அப்ப நீ ஊத்து," என்றார்.

"நானா? நான் சின்னப் புள்ள."

"தண்ணிக்கு அது தெரியாது."

எனக்கு வேறு கவலையும் இருந்தது. கடவுளின் அருள் சும்மா கிடைப்பது, நாம் சம்பாதித்து வாங்குவதல்ல என்று மறைக்கல்வி சிஸ்டர் படிப்பித்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சும்மா தரும் பணிஸ் ரொட்டி மாதிரி என்று உதாரணமும் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்துப் பணிஸுக்கு வரிசையில் நின்று நகத்தைக் காட்ட வேண்டும். ஊத்தை இருந்தால் பணிஸ் இல்லை.

"என்ட நகம் ஊத்தை மாமி. மறுகா, இப்ப பொய்யும் சொல்லிட்டன்."

"எனக்குத்தானே சொன்ன? பாதகமில்ல. நகம் என்டதும் ஊத்தைதான்." வேலி இடைவெளியால் பேணியை நீட்டினார். விரல்கள் கனநேரம் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கிக் குளிர்ந்திருந்தன. "நெத்தியில ஓடவிடு. மூண்டு தரம். ஊத்தி ஊத்திச் சொல்லு. உனக்குப் பாடம்தானே? பேர் சொல்ல மறந்திராத. ஓடு."

கையில் பேணியோடு முற்றத்தைக் கடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிந்தாமல் போக வேண்டும், ஓடவும் வேண்டும். ஊற்றினால் அவன் சாவான். ஊற்றாவிட்டால் மதிலுக்கு வெளியே சிப்பிக்குக் கீழே கிடப்பான்; நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டி ஓட வேண்டியிருக்கும். இரண்டில் எது பெரிது என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியும் என்று சொல்ல மாட்டேன். கால்கள்தான் போயின.

சின்னம்மா கண்ணை இறுக மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் அவன் மரக்கட்டை போலக் கிடந்தான். பெயர் வேண்டும். வீட்டில் யோசித்திருந்த பெயர் மறந்துபோனது. அப்பாவின் தோணியில் வெள்ளைப் பெயின்ற்றில் எழுதியிருந்த புனிதரின் பெயர்தான் வாயில் வந்தது. அந்த வீட்டில் அந்நேரம் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தோணியைத்தானே. அந்தப் பெயரைச் சொன்னேன். நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றேன். பிதாவுக்கு ஒரு தரம், சுதனுக்கு ஒரு தரம், பரிசுத்த ஆவிக்கு ஒரு தரம் ஊற்றினேன்.

மூன்றாம் தரத்தில் அவன் தளர்ந்தான். பொத்திய கைகள் விரிந்தன. கண்கள் மூடின. அந்தத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

சின்னம்மா கண்ணைத் திறந்தார். செபம் பாதியில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா நனைந்த சேலையோடு வாசலில் நின்றார். முதலில் பேணியைப் பார்த்தார், பிறகு என்னை, கடைசியாகத்தான் தம்பியை.

"அவ வந்தவவா?"

"இல்லம்மா. தெருவிலதான் நிண்டவ. நான்தான் ஊத்தின."

அம்மா என்னை அடிக்கவில்லை. தம்பியையும் தூக்கவில்லை. நிலத்தில் இருந்துகொண்டார், அவன் ஏற்கெனவே வேறு யாருடைய பிள்ளையோ ஆகிவிட்டது போல. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மணிக்கூட்டை நான் பிறகு பார்க்கவில்லை.

திடீரென்று சின்னம்மா துள்ளினார். "அக்கா! சூடா இரிக்கி! மூத்திரம் பெய்யிறான் அக்கா, மூத்திரம் பெய்யிறான்!" தான் வாங்கிய தண்ணீரைச் சின்னம்மாவின் சேலை நனையத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்பி ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கினான். இந்த முறை உண்மையான நித்திரை.

ஐந்து மணியளவில் அப்பாவின் தோணி வந்தது. ஆறுக்கு முன்னர் அக்கரை சேர்ந்தார்கள். காய்ச்சலில் வரும் இழுப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வரும், தானாகவே நிற்கும் என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு இன்று அது முழுதாக விளங்குகிறது. அன்று நான் படலைக்குப் போய்ப் பார்த்தேன். மாமி இல்லை. பேணி எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. தொடுவதற்கு ஆளில்லாமல் அடுப்படித் தட்டின் ஓரத்தில் பத்து நாள் இருந்தது. இருட்டுகிற நேரம் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு சுவாமி வந்தார். வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். அம்மா வெள்ளைச் சட்டை போட்ட தம்பியை நீட்டினார். அந்தச் சட்டை எப்போதோ தைத்து முடிந்திருந்தது.

"முறையா ஒருக்கா ஊத்துங்க சுவாமி."

சுவாமி என்னைக் கூப்பிட்டார். என்ன தண்ணீர், எங்கே ஊற்றினாய், என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.

"என்ன நினைச்சு ஊத்தின?"

"ஒண்டும் நினைக்கல்ல சுவாமி. மாமி செய்யிறதுதான் செய்தன்."

"அது காணும், அவ்வளவும் போதும்," என்றார். பிறகு அம்மாவிடம், "எண்ணெய் இருக்கு, மெழுகுதிரி இருக்கு, அத நான் செய்யிறன். தண்ணி ஊத்த எனக்கு ஏலாது. அது குடுத்தாச்சு. ரெண்டாந்தரம் குடுக்கிற சாமான் இல்ல இது."

"சின்னப் புள்ள ஊத்தினது சுவாமி. அதுவும் அவட தண்ணி."

"அவட தண்ணி இல்லம்மா அது," என்றார் சுவாமி. அதற்குமேல் விளக்கவில்லை.

சின்னம்மாதான், கேட்க ஆளில்லாத ஒன்றைச் சொல்வது போல, தம்பியின் காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "அவ அண்டைக்கு மட்டும் வரல்ல அக்கா. இவன் பிறந்த நாள்ல இருந்து தினமும் பின்னேரம் வந்து பூவரசுக்குக் கீழ நிக்கிறவ. நீங்க படுத்திருப்பீங்க. மறுகா மற்ற வீட்டுப் படலைக்குப் போவா, எங்கெங்க கைப்புள்ள இரிக்கோ அங்கெல்லாம். நான்தான் உங்களுக்குச் சொல்லல்ல."

ஏழு மாதமாகத் தினமும் அவன் சாவதற்காக ஒருவர் வேலிக்கு வெளியே காத்து நின்றிருக்கிறார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அப்படித்தான் கன வருடங்கள் விளங்கி வைத்திருந்தேன்.

போன மாதம் என் மகன் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளால் விழுந்தான். பதினேழு வயது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. வார்டுக்குள் என்னை விடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் தினமும் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். எதற்கென்று தெரியாமல் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு போவேன். அவன் குடிக்க முடியாது, நானும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குனிந்து போத்தலை எடுத்தபோது சிமெந்துத் தரையில் ஒரு ஈர வளையம் இருந்தது. பக்கத்தில் முன்னர் வைத்ததன் வளையம், பாதி காய்ந்து. பூவரசடி மணல் நினைவில் வந்தது. மாமிக்கு ஒன்றும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. தெரியாதபடியால்தான் தினமும் வந்தார். நாங்கள்தான் அவரைக் கெட்ட நாளில் மட்டும் கண்டோம்.

மகன் கண் திறந்துவிட்டான். இப்போது பக்கத்து அறையில் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். சத்தம் கொஞ்சம் நின்றால் எழுந்து போய்க் கதவடியில் நிற்கிறேன். "என்னம்மா, காவலா?" என்று கேலி பண்ணுகிறான். அருள் என்றால் என்ன என்று இன்று யாராவது என்னைக் கேட்டால் பணிஸ் உதாரணம் சொல்ல மாட்டேன். வேறு என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு, சின்னம்மா சொன்னதைக் கேட்டு அம்மா தம்பியை அவரிடம் கொடுத்தார். பிறகு அப்பாவைப் பாராமல், "மதினியக் கூட்டிட்டு வாங்க," என்றார். அப்பா கேட்டது சரிதானா என்று ஒரு கணம் நின்று, பிறகு சட்டை கூடப் போடாமல் வெயிலுக்குள் இறங்கி ஓடினார்.

மாமி வந்தார். படலையடியில் பழக்கத்தில் நின்றுவிட்டார். அப்பா பின்னாலிருந்து "போங்கவன் அக்கா" என்ற பிறகுதான் காலை உள்ளே வைத்தார். நாய் வாலை ஆட்டியது. பேணியைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய் அதை எடுத்து வந்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தம்பியைக் கூடப் பார்க்கவில்லை. சுவாமிக்குப் பக்கத்துக் கதிரையின் நுனியில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்தார்.

"வெயிலுக்க வந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா புள்ள."

அம்மா சுவாமிக்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸை எடுத்தார். எடுத்தவர் குடத்தடியில் அப்படியே நின்று அழத் தொடங்கினார். தம்பி செத்துக்கிடந்தான் என்று நினைத்த அன்றுகூட அழாதவர். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, நான்தான் காலையில் அள்ளி வைத்தேன். இதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.